தண்ணீரைக் கொஞ்சமாக மாற்றவும்

1

இதைக் கதையாக எழுதத் தொடங்கவில்லை. வண்ணமீன் கடை வைத்திருப்பவர் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார். பெட்டா மீன் வாங்குகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப. எப்படி வைத்துக்கொள்வது, எதைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான். நான் எழுதுவேன் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவேன் என்று சொல்லவில்லை.

"கதை எழுதுறவங்க நீங்க. இதெல்லாம் டீ ஆறுறதுக்குள்ள எழுதிடுவீங்க, மேடம்."

டீ ஆறுவதற்குள் எழுதியது இது:

பெட்டாவைத் தனியாக வைக்கவும். இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். தண்ணீரைக் கொஞ்சமாக மாற்றவும். முழுவதும் மாற்றினால்

அங்கே நின்றது. முழுவதும் மாற்றினால் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. கடைக்காரர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த அரை வாக்கியத்துக்குள் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள். முழங்கை வரை ஈரம். முழுவதும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு வாக்கியத்தை முடித்திருக்கலாம். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

2

தொடக்கங்கள்.

"அந்த வீட்டில் எல்லாமே பளிச்சென்று இருந்தன, மீனைத் தவிர."

முழுக் கதையையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்னையே மெச்சிக்கொள்ளும் வாக்கியம். எடுத்துவிட்டேன்.

"மருமகள் போகிற போக்கில் மீனை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனாள்."

இது பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு. அவள் அப்படி நினைக்கவில்லை. அவள் நினைத்தது இதற்கு நேர் எதிர். அதற்குப் பிறகு வருகிறேன்.

"மீனுக்குத் துரை என்று பெயர்."

இது இருக்கட்டும்.

மீனுக்குத் துரை என்று பெயர். மருமகள் வைத்தது. உடல் நீலம், துடுப்பு ஓரங்களில் சிவப்பு. தீனி போட்டால் உடனே வராது. ஒரு சுற்று போய், போட்டது யார் என்று பார்த்து, பிறகுதான் வாயைத் திறக்கும். "துரை இன்னைக்கு இறங்கி வர மாட்டாராம்" என்பாள் மருமகள். கடைகளில் இந்த வகையை ஃபைட்டர் என்பார்கள். மருமகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "சண்டை போடற அளவுக்கு இதுக்கு யார் மேலயும் மதிப்பில்லை."

3

துரையை முதலில் வட்டமான ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தேன். ஜன்னல் விளிம்பில். சாயங்கால வெயில் ஜாடிக்குள் நுழைந்து, எதிர்ச் சுவரில் ஒரு நீல [நிழல்? ஒளி? நீலமாக ஏதோ ஒன்று] அசையும். அந்தப் பத்தியில் எனக்கு மிகவும் பிரியம் இருந்தது.

பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்கக் கடைக்காரர் அழைத்தார். முடியவில்லை, வேறொன்று வந்துகொண்டிருக்கிறது என்று அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன்.

"அந்த மீன் செத்துடும், மேடம்."

"கதைதானே."

"கதையா இருந்தாலும் மீன் மீன்தானே. ஜன்னல்லேர்ந்து முதல்ல எடுங்க. பகல்ல தண்ணி கொதிக்கும், ராத்திரி ஜில்லுன்னு ஆயிடும். அதுக்கு ஒரே மாதிரி வெதுவெதுப்பா இருக்கணும். ஹீட்டர் வெச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"வைங்க. ஜாடி வேண்டாம். நீளமான தொட்டி, இருபது லிட்டராவது பிடிக்கணும். ஃபில்டர் வேணும், ஆனா தண்ணி அதைத் தள்ளிட்டுப் போகக் கூடாது. மெதுவா ஓடற ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க. ஒரு செடி வைங்க. பிளாஸ்டிக் செடி வெச்சுடாதீங்க, துடுப்பு கிழிஞ்சுடும். மூடி இருக்கா?"

"மூடி எதுக்கு?"

"குதிச்சுடும். அப்புறம் நீங்க அதுக்கும் ஒரு பத்தி எழுதுவீங்க. மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல இடம் விடுங்க. மேல வந்துதான் காத்து குடிக்கும்."

"அப்போ எதுக்கு நீங்க ஜாடி விக்கிறீங்க?"

குரலைத் தாழ்த்தினார்.

"கேக்கறாங்க, விக்கிறேன். அதை எழுதிடாதீங்க."

ஜன்னலிலிருந்து எடுத்தேன். ஒளி போயிற்று. ஜாடியை மாற்றினேன். வட்டம் போயிற்று, வட்டத்தை வைத்து நான் சொல்ல நினைத்திருந்ததும் போயிற்று. மூடி போட்டேன். கூடத்து மூலையில், வெயில் படாத இடத்தில், பிளக் பாயிண்ட் பக்கத்தில், ஆடாத மேசை மேல் ஒரு செவ்வகத் தொட்டி. மீனுக்கு வசதி கூடக் கூட எனக்கு உவமைகள் குறைந்துகொண்டே வந்தன.

(ஒரு உயிரை ஒழுங்காகக் குடிவைத்துவிட்டால் அதை எதற்கும் குறியீடாக்க முடியவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.)

4

அந்தப் பெண்ணை முதலில் தையல்காரி ஆக்கியிருந்தேன். பிறகு தபால் நிலையத்தில் உட்காரவைத்தேன். இரண்டு இடத்திலும் அவள் வெறும் சுத்தக்காரியாக இருந்தாள். சுத்தக்காரியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். சுலபமாக இருந்ததால் மாற்றினேன்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷன் முடிந்த கருவிகள் அவளிடம் வரும். கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கும் குறடு. கீல்களைத் திறந்து, பல்லிடுக்கில் பிரஷ் விட்டுத் தேய்ப்பாள். உலர்த்தி, துணியில் பொதிந்து, மேலே சூட்டில் நிறம் மாறும் பட்டை ஒன்றை ஒட்டி நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவாள். வெளியே எடுக்கும்போது பட்டையில் கோடுகள் கறுத்திருக்க வேண்டும். கறுக்கவில்லை என்றால் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. அவள் கட்டிய பொதி எதுவும் திரும்பி வந்ததில்லை. சர்ஜன்களுக்கு அவள் முகம் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

[ஒரு பாத்திரம் தன் குறையால் தவறு செய்தால் வாசகர் நிம்மதியாக இருக்கிறார். தன் கெட்டிக்காரத்தனத்தால் தவறு செய்தால் நிமிர்ந்து உட்காருகிறார். இதை எங்காவது கட்டுரையில் சேர்க்கலாம். இங்கே வேண்டாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.]

வீட்டிலும் அந்தக் கை அதே கைதான். மகனுக்குக் கல்யாணமான பிறகு ஒரு வருடம் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். மருமகள் கழுவிக் கவிழ்த்த டம்ளர்களை இவள் எடுத்து இன்னொரு முறை கழுவுவாள். குத்திக்காட்ட இல்லை. பார்த்தால் எடுப்பாள், எடுத்தால் கழுவுவாள். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து டம்ளரைக் கழுவாமல் சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர்கள் வேறு வீடு பார்த்தார்கள். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது.

இதைச் சண்டை என்று எழுத ஆசைப்பட்டேன். வசனமாவது கிடைக்கும். ஆனால் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமும் ஆகியிருப்பார்கள்.

5

மருமகள் கர்ப்பமானாள். ஐந்தாவது மாதத்தில் கொஞ்சம் சிக்கல். படியேறவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மருமகளின் அக்கா வேறு ஊரில் தரைத்தள வீட்டில் இருந்தாள். அங்கே போவதென்று முடிவாயிற்று. மகன் அதைச் சொல்ல வந்தான்.

"என் வீடும் தரைத்தளம்தான்" என்றாள் அம்மா.

"தெரியும்மா."

"ஆஸ்பத்திரிக்கும் பக்கம்."

"அவ அக்காகூட இருந்தா கொஞ்சம் ஃப்ரீயா இருப்பா."

"நான் என்ன கட்டியா போட்டு வெச்சேன்?"

"அம்மா."

"சரி விடு. பொறந்தப்புறம்? அவ வேலைக்குப் போயிட்டா குழந்தை?"

"ஆபீஸ் பக்கத்துல ஒரு காப்பகம் இருக்கு. போய்ப் பார்த்தோம்."

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்தோம். முடிவு பண்ணலை."

"அங்க எத்தனை பேர் கை படும் தெரியுமா?"

மகன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அவளுக்கு வேண்டியது அந்தக் குழந்தை. வாரத்துக்கு ஒருமுறை கூட்டி வந்து காட்டுவது அல்ல. பகல் முழுக்க, தன் வீட்டில், தன் கையில். அடுத்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு. அதற்கப்புறம் அந்தக் கைகளுக்கு என்ன வேலை என்று யோசித்தாள். யோசிக்கும்போதெல்லாம் குழந்தைதான் வந்தது. வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் அது இல்லைதான்.

ஊருக்குப் போகும் வழியில் மருமகள் காரிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தாள். மகன் தொட்டியைத் தூக்கி வந்து மூலையில் வைத்தான்.

"துரையை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன், அத்தை."

"விட்டுட்டுப் போ. எனக்கென்ன வேலை."

"காலையில நாலஞ்சு உருண்டை போட்டாப் போதும். அதோட வயிறு அதோட கண்ணளவுதான். தண்ணியைக் கொஞ்சமா மாத்தினாப் போதும். புதுத் தண்ணியில குளோரின் போக இந்த மருந்து ரெண்டு சொட்டு. நீங்க ரொம்பச் சிரமப்படாதீங்க."

கடைசி வாக்கியத்தால்தான் எல்லாம் போயிற்று. போதும் என்றால் இன்னும் கொஞ்சம் வைப்பதும், சிரமப்படாதீங்க என்றால் சிரமப்படுவதும்தான் இந்த இரண்டு பேருக்கும் தெரிந்த மரியாதை. கொஞ்சமாக மாற்றச் சொன்னது மீனுக்காக என்று மாமியாருக்குத் தோன்றவே இல்லை. தனக்காக என்று எடுத்துக்கொண்டாள். நம்மிடம் ஒரு உயிரை விட்டால் எப்படி இருக்கும் என்று அவள் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

தன்னை நம்பி வராதவள், மீனை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். மற்றதும் பின்னால் வரலாம். தலையில் கட்டிவிட்டுப் போனதாக அவள் நினைக்கவில்லை என்று சொன்னேனே, அது இதுதான்.

6

அவளுடைய விடுமுறை நாள். மீனை ஒரு மக்கில் மொண்டு ஓரமாக வைத்தாள். தண்ணீர் முழுவதையும் கொட்டினாள். கூழாங்கற்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். செடியை இலை இலையாகத் துடைத்தாள். ஃபில்டரின் ஸ்பாஞ்ச் பழுப்பாக, தொட்டால் வழவழவென்று இருந்தது. குழாயடியில் வைத்துப் பிழிந்தாள். பழுப்பு போக மறுபடி பிழிந்தாள். புதிதுபோல் ஆயிற்று. புதுத் தண்ணீரில் மருந்தை அளந்து விட்டாள். மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்தாள். பிறகுதான் மீனை விட்டாள். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. துரை காற்றில் நிற்பதுபோல் நின்றது.

அதைப் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பினாள். அழகான படம்.

(கட்டுரை கொஞ்சம் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மீன் மட்டும் குடியிருப்பதில்லை. அந்த ஸ்பாஞ்சிலும் கற்களிலும் கண்ணுக்குத் தெரியாதவை குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். அதைத் தின்று, தீங்கு குறைந்த ஒன்றாக மாற்றுவது அந்தக் கண்ணுக்குத் தெரியாதவை. அவை சேர்ந்து வளர வாரக்கணக்காகும். குழாயடியில் போக நொடிகள் போதும். தண்ணீரில் கால்பங்கை மட்டும் மாற்ற வேண்டும். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசி வைத்தால் போதும். அவள் வேலை செய்யும் அறையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கிருமி.)

அடுத்த வாரம் துரையின் நீலம் வெளுத்தது. துடுப்பை விரிக்காமல் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டது. அடியில் போய்ப் படுத்தது. காற்றுக் குடிக்க மட்டும் மேலே வந்தது. அவள் மறுபடி கழுவினாள். புதுத் தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளை ஏமாற்றியது. பிறகு வாரம் ஒருமுறை என்பது ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாயிற்று.

மருமகள் ஃபோனில் கேட்டாள்.

"துரை எப்படி இருக்கார், அத்தை?"

"ஜம்முனு இருக்கார்."

முதல் தடவை கழுவியபோது எடுத்த படங்களில் அனுப்பாத ஒன்று இருந்தது. அதை அனுப்பினாள்.

வேலையிடத்தில் பக்கத்து மேசைக்காரிக்குக் குறடு என்று பட்டப்பெயர். பிடித்தால் விட மாட்டாள்.

"உன் மீன் என்ன பண்ணுது?"

"தூங்குது."

"பகல்லயா?"

"பகல்லயும்."

"மருமககிட்ட கேளேன்டி. அவதானே வளர்த்தா."

"கேக்கலாம்."

"கேட்டா சொல்லப்போறா."

"கேட்டா தெரிஞ்சுடும்."

குறடு ஒரு கத்தரியைத் திறந்து, மூடி, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஒரு மீனுக்காடி இந்தப் பாடு?"

"மீனுக்கா?"

குறடு அதற்கு மேல் பிடிக்கவில்லை. என்னாலும் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் கூட்ட முடியவில்லை.

7

இப்போது என் சிக்கல். எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. சொன்னால் மீன் பிழைக்க வழியுண்டு. எப்படிச் சொல்வது?

அவள் ஃபோனில் தேடிப் பார்க்கலாம். பார்த்தாள். ஒருவர் உப்புப் போடச் சொன்னார், ஒருவர் பாதாம் இலை போடச் சொன்னார், ஒருவர் நீரைச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னார். அவளுக்கு நம்பத் தோன்றியது மூன்றாமவரைத்தான்.

மாடியில் ஒரு மீன் வல்லுநரைக் குடிவைக்கலாம். வெட்கமாக இருந்தது.

நானே அவள் வீட்டு வாசலில் நின்று மணியடிக்கலாம். இந்த வகைக் கதைகளில் அது அனுமதிக்கப்பட்டதுதான். அடித்திருப்பேன். அவள் கதவைத் திறந்து, செருப்பை எங்கே விட வேண்டும் என்று காட்டுவாள். உள்ளே போய், நீங்கள் செய்வதெல்லாம் தவறு என்று சொல்ல வேண்டும். என்னிடமிருந்து அதைக் கேட்க அவள் என்ன பாவம் செய்தாள்? என்னைக் கேட்டா அவள் இந்தக் கதைக்குள் வந்தாள்?

அவளே கடைக்குப் போனாள். நம் கடைக்காரரின் கடைதான். வேறு கடை எனக்குத் தெரியாது. அவரை அந்த நேரம் சாப்பிட அனுப்பிவிட்டேன். அவர் இருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், கதை அங்கேயே முடிந்துபோகும். கடையில் அவர் மனைவி இருந்தார்.

சுவரோரம் வரிசையாகச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு பெட்டா. ஒன்றையொன்று பார்த்துவிடாமல் நடுவில் அட்டை செருகியிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு நீலத்தின் முன் நின்றாள். ஓரத்தில் சிவப்பு.

"செத்துடுச்சாம்மா?" என்றார் கடைக்காரர் மனைவி.

"இல்லை. இருக்கு."

"அதே மாதிரி வேணுமா? எடுத்துத் தரவா? நிறையப் பேர் மாத்தி வெச்சுடறாங்க. பசங்களுக்குத் தெரியாது."

"பசங்க இல்லை. மருமக."

"பார்த்தா தெரியுமோ?"

நீலம் அவள் விரலைப் பார்த்ததும் மேலே வந்தது. வாயைத் திறந்துகொண்டு, தீனி எங்கே என்று உடனே வந்தது. ஒரு சுற்றுகூடப் போகவில்லை.

"தெரியும்" என்றாள்.

யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பினாள். கேட்டிருந்தால் கடைக்காரர் மனைவிக்கும் பதில் தெரிந்திருக்கும். இதை நான் தடுக்கவில்லை. வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, மருமகளிடம் தெரிந்தவள்போல் நிற்பதும் மாற்றி வைப்பதுபோலத்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். [தோன்றியது என்று எழுதி அடித்தேன். அவ்வளவு உள்ளே நான் போகவில்லை.]

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ. துரை செத்துப்போகிறது. அவள் தொட்டியைக் கடைசியாக ஒருமுறை கழுவிக் கவிழ்க்கிறாள். இலக்கியமாக இருந்தது. கடைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "இதை யார் கையில கொடுத்தனுப்பச் சொல்றீங்க?" என்றார். அவர் காரணம் வேறு. ஆனாலும், ஒரு மீனைக் கொன்று ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் யாரையும் கொல்லப் பார்க்கவில்லை.

ஆ. மாற்றி வைக்கிறாள். மருமகள் வந்து பார்க்கிறாள், கண்டுபிடிக்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் புது மீனைத் துரை என்றே அழைக்கிறார்கள். நேர்த்தியான முடிவு. ஆனால் அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமலிருப்பது ஏற்கெனவே போதுமான அளவு நடந்துவிட்டது.

இ. மாமியார் ஒப்புக்கொள்கிறாள். "நானும் முதல் மீனை அப்படித்தான் கொன்னேன், அத்தை" என்று மருமகள் சிரிக்கிறாள். குழந்தையும் வந்துசேர்கிறது. இதை எழுதும்போது கை வேகமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அப்படி ஒரு மீன் மருமகளுக்கு இருந்ததே இல்லை. மாமியார்மேல் எனக்கிருந்த பரிதாபத்துக்காக நான் உண்டாக்கி, நான் கொன்றது.

கடைக்காரர் ஒரு முடிவு சொன்னார். மீன் பிழைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்கு நன்றி.

9

காலை. அவளுக்கு விடுமுறை. வாளியில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, தொட்டி அருகில் வைத்தாயிற்று. மக்கும் கையில் இருக்கிறது. துரை மேல்மட்டத்தில் ஒரு இலைமேல் சாய்ந்து கிடக்கிறது. நீந்தி மேலே வர அலுப்பாக இருக்கும் மீன் செய்வது அது. அவளுக்கு அது தெரியாது. ஆனால் களைத்துச் சாய்ந்திருப்பவர்களை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பார்த்திருக்கிறாள்.

மக்கைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். வீடியோ அழைப்பு.

"என்ன அத்தை, காலையிலேயே?"

"படுத்திருக்கியா?"

"வேற என்ன பண்ணப்போறேன். அக்காவோட சின்னக்குட்டி வந்து என்னை உருட்டி விளையாடிட்டுப் போகுது."

"எழுந்திருக்காதே. படுத்துக்கிட்டே பாரு. துரையைக் காட்டறேன்."

பின்கேமராவுக்கு மாற்றி, ஃபோனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. அந்த வீட்டு மின்விசிறியா, இந்த வீட்டு மின்விசிறியா என்று தெரியவில்லை.

"எப்போலேர்ந்து இப்படி?"

இங்கே இரண்டு பதில்கள் எழுதினேன். "நேத்துலேர்ந்து" என்பது ஒன்று. அதைச் சொன்னால் எல்லாம் அவள் கையில் அப்படியே இருக்கும், கொஞ்சம் வெளுத்த மீன் உட்பட. ஒரு முழுநாள் அது தாளில் இருந்தது. அவள் அதைச் சொல்ல மறுத்துவிட்டாள் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். நான்தான் அடித்தேன். அடித்தபோது நிம்மதியாக இருந்தது. அது யாருடைய நிம்மதி என்று பார்க்கவில்லை.

"நீ போன மறுவாரத்துலேர்ந்து. நான் அனுப்பின படம் பழசு."

"ரெண்டு படமுமா?"

"ரெண்டும் ஒரே நாள் எடுத்தது."

அவள் ஃபோனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கழுவிக்கிட்டே இருந்தேன்மா. கல்லு, செடி, அந்த ஸ்பாஞ்சு, எல்லாத்தையும். சுடுதண்ணி போட்டு. கழுவக் கழுவ இப்படி ஆகுது. எனக்கு வேற தெரியலை."

இவ்வளவு நீளமாக அவள் மருமகளிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

ஃபோனின் பின்புறம் கறுப்பு, பளபளப்பு. துரை இலையிலிருந்து நழுவி இறங்கியது. மெதுவாகக் கண்ணாடியருகே வந்தது. எதிரே கறுப்பில் இன்னொரு மீன். ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு செவுள் மூடிகளை விரித்தது. முழுவதும் இல்லை, முடிந்த அளவு.

"அத்தை, ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. துரைக்குக் கோபம் வருது."

தள்ளிப் பிடித்தாள்.

"கோபம் வரலாமா?"

"வரலாம். ரொம்ப நேரம் வேண்டாம்."

"இப்ப நான் என்ன செய்யணும்? நீ சொல்லு. சொல்றதை மட்டும் செய்யறேன்."

மீனைப் பற்றிய பதிலை நானே எழுதிவிட முடியும். அத்தை, வாளியைத் தள்ளி வைங்க. ஸ்பாஞ்சைத் தொடாதீங்க. தினமும் கால்பங்கு தண்ணியை மட்டும் எடுத்துட்டு, அதே சூட்டுல புதுத் தண்ணியை மெதுவா ஊத்துங்க. கல்லு பழுப்பாகும், விடுங்க. தீனியைக் குறைங்க. சில வாரம் ஆகும். பிழைச்சாலும் பிழைக்கும். கடைக்காரர் இந்தப் பத்தியைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளட்டும். அவர் கேட்டது இதுதான்.

ஆனால் அவள் கேட்டது அது மட்டும் இல்லை. இன்னொன்றையும் கேட்டுவிட்டு நிற்கிறாள். அது அவளுக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும். அதற்கான பதில் என்னிடம் இல்லை. அந்தக் குழந்தை என்னுடையது இல்லை. மறுபடி கழுவப்பட்ட டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு அந்தச் சமையலறையில் நின்றவளும் நான் இல்லை.

எனவே நீங்கள். வேறு ஊரில், அக்கா வீட்டில், இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறீர்கள். வயிற்றின்மேல் ஒரு கை. திரையில் வெளுத்த மீன் ஒன்று. தொட்டிக் கண்ணாடியில் அத்தையின் முகம் மங்கலாகத் தெரிகிறது. நீங்கள் பார்ப்பது தெரியாமல் அவள் மீனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

யோசித்துச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. அவள் மட்டும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள்.